வைத்தியரைத் தெய்வமாக்கியது போதும்

"வைத்தியர் கண்கண்ட தெய்வம்" என்று சொல்லாத வாய் நமது நாட்டில் அபூர்வம். காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தால் சொல்லுகின்றோம். பிரசவத்தில் தாயும் சேயும் பிழைத்தால் சொல்லுகின்றோம். 2020-ம் வருஷத்தில் கொரோனா என்னும் கொள்ளை நோய் வந்தபோதோ, இந்த வார்த்தை மந்திரிகள் வாயிலும், சினிமாக்காரர் வாயிலும், பத்திரிகைகளின் முதல் பக்கத்திலும் நாள் தவறாத பஜனையாகவே நடந்து வந்தது.

இந்த வார்த்தை வைத்தியருக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பதே நாம் இன்று விசாரிக்க எடுத்துக் கொண்ட விஷயம். தீமையே செய்தது என்பது நமது அபிப்பிராயம். அதுவும் சாதாரணத் தீமையல்ல. உயிர்ச் சேதத்திற்கு இடங்கொடுத்த தீமை. இது சிலருக்கு வம்புப் பேச்சாகத் தோன்றலாம். ஆத்திரப்படாமல் கடைசி வரையில் படித்துவிட்டு, பிறகு நம்மை வைய வேண்டுமானால் தாராளமாய் வையலாம்.

கை தட்டிய கதை

2020 மார்ச்சு 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு ஜனங்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கை தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள், மணி அடித்தார்கள். நோயாளிகளுக்காக உழைக்கும் வைத்தியர், நர்சு முதலானவர்களுக்கு இப்படி நன்றி செலுத்த வேண்டுமென்று பிரதம மந்திரி கேட்டுக் கொண்டதன் மேல் நடந்த காரியம் இது. பிறகு மே மாதம் 3-ந் தேதி ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பறந்து பூவைக் கொட்டின. புராணத்தில் தேவர்கள் பூமாரி பொழிந்ததாகச் சொல்லுவார்களே, அதைச் சர்க்காரே செலவு செய்து நடத்திக் காட்டியது.

நன்றி சொன்னதைக் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நடந்தவை என்ன என்பதையும் பார்க்க வேண்டாமா?

கை தட்டிய சத்தம் ஓய்ந்து இரண்டே நாள் ஆயிற்று. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் இளம் வைத்தியர் சங்கத்தார் உள்நாட்டு மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்கள் "நீ நோயைக் கொண்டு வருவாய்" என்று வைத்தியர்களை வெளியே போகச் சொல்லுகிறார்கள், பலர் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நிற்கிறார்கள் என்பதே கடிதத்தின் சாரம். தெய்வத்தை வீட்டுக்குள் வைத்துக் கும்பிடுவார்கள். இந்தத் தெய்வத்தையோ வீட்டை விட்டுத் துரத்தினார்கள்.

அதே நாட்களில் கல்கத்தாவில் வைத்தியர்களுக்குப் பாதுகாப்பு உடுப்புக்குப் பதிலாக மழைக்குப் போடும் ரெயின்கோட் கொடுக்கப்பட்டது. வட நாட்டில் ஒரு வைத்தியர் முகமூடி இல்லாத குறைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நோயாளியைப் பார்த்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. பூ தூவ ஹெலிகாப்டர் கிடைத்த தேசத்தில் முகமூடி கிடைக்கவில்லை.

இனி நமது சென்னையைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் 19-ந் தேதி நரம்பு அறுவையில் பேர்பெற்ற வைத்தியர் ஒருவர் இந்த நோயால் இறந்து போனார். பிணத்தை முதலில் எடுத்துச் சென்ற இடுகாட்டில் கும்பல் கூடித் தடுத்தது. வேறு இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கும் கும்பல் கூடிக் கல்லாலும் தடியாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. ஓட்டி வந்தவர்களுக்கு மண்டை உடைந்தது. குடும்பத்தார் கூட நிற்க முடியாமல் விலகிப் போக நேர்ந்தது. நடு இரவில் போலீசு காவலோடு திரும்பவும் வந்து, கூட வேலை பார்த்த வைத்தியர் ஒருவர் தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார்.

இருபத்தெட்டு நாளைக்கு முன் கை தட்டிய அதே ஊர்தான் இது. தட்டிய கைகளில் சில கல்லெடுத்த கைகளாகவும் இருந்திருக்கலாம். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசிக்க வேண்டாமா?

இது பயமா, தீட்டா?

"நோய் பரவுமென்று பயந்தார்கள், பாமர மக்கள் என்ன செய்வார்கள்?" என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். இந்தச் சமாதானத்தைச் சற்றுப் பரிசோதிப்போம்.

இந்த நோய் மூச்சுக் காற்றின் வழியாய்ப் பரவுவது. நோயாளி இருமும்போதும், பேசும்போதும், மூச்சு விடும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வருகின்றன; பக்கத்திலிருப்பவர் அவற்றை உள்ளே இழுக்கிறார். பிணம் இருமுமா? பேசுமா? மூச்சு விடுமா? உறையில் கட்டி, ஆழக் குழி தோண்டிப் புதைத்த உடலிலிருந்து தெருவில் போகிறவனுக்கு நோய் வருவதெப்படி? ஆனால் முகமூடி இல்லாமல் நூறு பேர் தோளோடு தோள் உரசிக் கூச்சல் போட்டுக் கும்பல் கூடினால் நோய் வருமா வராதா? நோய்க்குப் பயந்தவர்கள் நோய் வரும் காரியத்தைச் செய்தார்கள். வராத காரியத்தைத் தடுத்தார்கள். ஆகவே அங்கே வேலை செய்தது நோயைப் பற்றிய பயமல்ல. பிணத்தைத் தொட்டவன் தீட்டு, பிணம் சுமந்த வண்டி தீட்டு, பிணம் போன தெரு தீட்டு என்று ஆயிரக்கணக்கான வருஷமாய் ஊட்டி வளர்த்த அதே பழைய சரக்குதான், கிருமி என்னும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

இந்தத் தீட்டுப் புத்திக்கு ஒரு சாதியைத் தள்ளி வைத்துப் பழக்கம். இந்தத் தடவை வைத்தியரைத் தள்ளி வைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்க்கார் சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது. 1897-ல் பம்பாய்ப் பிளேக்கின்போது வெள்ளைக்கார சர்க்கார் செய்த தொத்து நோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரல் 22-ந் தேதி அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தி, வைத்தியம் செய்கிறவர்களைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருஷம் வரையில் சிறை என்றும், பலத்த காயமானால் 7 வருஷம் வரையில் என்றும் மத்திய சர்க்கார் விதித்தது. அடுத்த சில நாளில் தமிழ்நாட்டு சர்க்காரும், இப்படிப்பட்ட நோயால் இறந்தவரைப் புதைக்கவோ எரிக்கவோ தடுத்தால் 3 வருஷம் வரையில் சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. நல்ல காரியமே. ஆனால் புத்தி செய்ய வேண்டிய வேலையைச் சிறைச்சாலை எத்தனை நாளைக்குச் செய்யும்?

வைத்தியர் ஏன் அதிகம் சாகிறார்?

நோய் எல்லாருக்கும் வந்ததே, வைத்தியரைப் பற்றி மட்டும் என்ன தனிப் பேச்சு என்று கேட்கலாம். காரணம் இருக்கின்றது.

மற்றவர்கள் நோயாளியைக் கண்டால் ஆறடி தள்ளிப் போனார்கள். வைத்தியரோ ஆறு அங்குலத்திற்குள் போக வேண்டியிருந்தது. வாயைத் திற என்று சொல்லித் தொண்டையைப் பார்க்க வேண்டியவர் அவர். மூச்சு முட்டுகிறவனுக்குத் தொண்டையில் குழாய் விடும்போது அவன் நுரையீரலிலிருந்து வரும் காற்று நேரே அவர் முகத்தில்தான் அடிக்கும். அதுவும் ஒருவரிடமிருந்தல்ல, காலையிலிருந்து இரவு வரையில் பலரிடமிருந்து. ஜன்னல் அடைத்த அறை, ஓயாத வேலை, தூக்கமில்லாத உடம்பு, போதாத முகமூடி ஆகிய நாலும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட பலசாலியும் விழத்தான் செய்வான்.

இதிலே ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமே இந்த நோய் காற்றில் மிதந்து பரவுவதல்ல என்று பிரசாரம் செய்தது. பல விஞ்ஞானிகள் ஆட்சேபித்தார்கள், ஆதாரங்களைக் காட்டினார்கள். 2021-ல் ஸ்தாபனம் தன் பேச்சை மாற்றிக் கொண்டது. இடைக்காலத்தில் பல இடங்களில் வைத்தியருக்கும் நர்சுக்கும் காற்றை வடிகட்டும் என்-95 முகமூடிக்குப் பதில் சாதாரணத் துணி போன்ற முகமூடியே போதுமென்று கொடுக்கப்பட்டது. விஞ்ஞானமும் தவறு செய்யும். ஆனால் தவறென்று காட்டினால் திருத்திக் கொள்ளும். சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள பேதம் இதுதான். என்றாலும் திருத்திக் கொள்ளத் தாமதமானதற்கு விலை கொடுத்தவர்களில் முன் வரிசையில் நின்றவர்கள் வைத்தியம் செய்தவர்களே என்பதை மறக்கக் கூடாது.

கணக்குக் கேட்டால் கோபம்

எத்தனை பேர் செத்தார்கள்? ஒரு ஆட்டுக்காரன் தன் மந்தையில் எத்தனை ஆடு செத்தது என்று கேட்டால் உடனே சொல்லுவான். 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் இந்தக் கேள்வி வந்தபோது, சுகாதாரம் மாகாண விஷயமாதலால் இம்மாதிரிக் கணக்கு மத்தியில் வைத்திருக்கவில்லை என்று சுகாதார இலாகாவின் துணை மந்திரி பதில் சொன்னார். இந்திய மருத்துவச் சங்கத்தார் கொதித்துப் போய், அதுவரை இறந்த 382 வைத்தியர்களின் ஜாபிதாவை வெளியிட்டார்கள். 2021 பிப்ரவரியில் சர்க்கார் ஒரு கணக்குச் சொல்லிற்று: வைத்தியர் 162, நர்சு 107, கிராமங்களில் வேலை செய்யும் ஆஷாப் பெண்கள் 44. சங்கத்தாரோ, எங்கள் கணக்கில் வைத்தியர்களே 734 என்றார்கள். 162 எங்கே, 734 எங்கே! இதில் 431 பேர் சின்ன ஊர்களிலும் தெருக்களிலும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்து வந்த சாதாரணக் குடும்ப வைத்தியர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 கோடையில் வந்த இரண்டாவது அலை, சில மாதங்களுக்குள் மறுபடியும் 798 வைத்தியர்களைக் கொண்டு போனதாக அதே சங்கம் கணக்குக் காட்டிற்று.

உலக முழுவதற்கும் பார்த்தால், 2020 ஜனவரி முதல் 2021 மே வரையில் சுகாதார வேலை செய்கிறவர்களில் 80,000 முதல் 1,80,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும், நடுத்தரமான கணக்கு 1,15,500 என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021 அக்டோபரில் சொல்லிற்று. மேல் கணக்குக்கும் கீழ்க் கணக்குக்கும் நடுவில் ஒரு லட்சம் உயிர் வித்தியாசம்! பல தேசத்து சர்க்கார்கள் தங்கள் வீரர் என்று புகழ்ந்தவர்களை எண்ணக் கூட இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஏன் எண்ணவில்லை? எண்ணினால் நஷ்ட ஈடு கேட்பார்கள். நஷ்ட ஈட்டோடு "முகமூடி ஏன் தரவில்லை?" என்றும் கேட்பார்கள். பூமாரிக்குக் கணக்கு வேண்டியதில்லை; முகமூடிக்குக் கணக்கு வேண்டும். 2020 மார்ச்சில் 50 லட்ச ரூபாய் இன்ஷியூரன்சு என்று அறிவித்தார்கள். ஆனால் சர்க்கார் முறைப்படி வேலைக்கு அழைக்காத தனி வைத்தியருக்கு அது இல்லையென்று மறுக்கப்பட்டு, கணவனை இழந்த பெண்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதாயிற்று. தெருவிலே கடையைத் திறந்து வைத்து நோயாளியைப் பார் என்று அவருக்கு உத்தரவு போடத் தெரிந்தவர்களுக்கு, செத்த பிறகு மட்டும் "உன்னை யார் அழைத்தது?" என்று கேட்கத் தோன்றியது.

உண்மை சொன்னவர் கதி

சீன தேசத்தில் வூஹான் நகரத்தில் லி வென்லியாங் என்று ஒரு கண் வைத்தியர். 2019 டிசம்பர் 30-ந் தேதி, விபரீதமான நிமோனியாக் காய்ச்சல் ஒன்று வந்திருக்கிறது, ஜாக்கிரதையாயிருங்கள் என்று தம்மோடு படித்த வைத்தியர்களுக்குச் செய்தி அனுப்பினார். 2020 ஜனவரி 3-ந் தேதி போலீசார் அவரைக் கூப்பிட்டு, வதந்தி பரப்பினாய் என்று கண்டித்துக் கையெழுத்து வாங்கிக் கொண்டார்கள். கண் நோய்க்கு வந்த ஒருவரிடமிருந்து அவருக்கே நோய் தொற்றியது. பிப்ரவரி 7-ந் தேதி இறந்து போனார். செத்த பிறகு மார்ச்சில் அந்தக் கண்டனத்தை ரத்து செய்தார்கள். ஏப்ரலில் அவருக்குத் தியாகி என்று பட்டம் கொடுத்தார்கள்.

நமது நாட்டிலோ, ஆந்திர ராஜ்யத்தில் ஒரு சர்க்கார் வைத்தியர் முகமூடி போதவில்லையென்று பகிரங்கமாய்ச் சொன்னதற்காக 2020 ஏப்ரலில் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். உயிரோடிருந்து உண்மை பேசினால் குற்றவாளி; வாயை மூடிச் செத்தால் தியாகி, தெய்வம். தெய்வம் என்கிற பட்டத்தின் இரகசியம் இப்போதாவது விளங்குகிறதா? கல்லுச் சாமிக்குப் பசியில்லை, தூக்கமில்லை, நுரையீரல் இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. அது முகமூடி கேட்காது. சம்பள பாக்கி கேட்காது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லாது. வைத்தியரைத் தெய்வமென்று சொல்லிவிட்டால் அவரும் இவற்றையெல்லாம் கேட்கக் கூடாது என்றாகிறது. கேட்டால், "தெய்வம் இப்படிக் கேட்குமா?" என்று கோபம் வருகிறது.

செத்தவரை ஏளனம் செய்தவர்கள்

இரண்டாவது அலையில் ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் தவித்த 2021 மே மாதத்தில், வடக்கே யோகமும் மூலிகைச் சரக்கும் விற்றுப் பெரும் பணம் சேர்த்த காவி உடைக்காரர் ஒருவர், இங்கிலீஷ் வைத்தியம் முட்டாள்தனமான சாஸ்திரம் என்று பேசினார். இரண்டு ஊசி போட்டுக் கொண்ட வைத்தியர்களே செத்தார்களே என்று ஏளனமும் செய்தார். சுகாதார மந்திரியே கடிதம் எழுதிக் கண்டித்த பிறகு முதலில் பேசியதை வாபஸ் வாங்கினார்.

அவருடைய ஏளனத்துக்கு நாம் ஏளனத்தால் பதில் சொல்லப் போவதில்லை, கணக்கால் சொல்லுகின்றோம். நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதே இரண்டாவது அலையில் சுமார் 10,600 ஊழியர்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 8,991 பேர் ஊசி போட்டுக் கொண்டவர்கள். இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு நோய் தொற்றாமல் காத்தது 65 சதவிகிதம். ஆஸ்பத்திரியில் படுக்காமல் காத்தது 77 சதவிகிதம். ஆக்சிஜன் தேவைப்படாமல் காத்தது 92 சதவிகிதம். தீவிர சிகிச்சை அறைக்குப் போகாமல் காத்தது 94 சதவிகிதம். அந்தக் காலத்தில் அந்த ஊழியர்களில் இறந்தவர் ஒருவர். அவர் வேறு வியாதிகளும் உள்ளவர். ஊசி போட்டுக் கொள்ளாதவர்.

ஊசி போட்டவர் ஒருவருக்கும் நோய் வராது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. குடை பிடித்தவன் காலும் நனையும். அதற்காகக் குடை பொய் என்பது புத்தியாகுமா?

வைத்தியர் செத்தால் யாருக்கு நஷ்டம்?

அவர் குடும்பத்துக்கு நஷ்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் நமக்கு. இதைத் தெரிந்து கொள்ள ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும்.

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்னும் கொடிய தொத்து நோய் வந்தது. சியரா லியோன் தேசத்தில் அந்த நோய்க்கு வைத்தியம் செய்வதில் தலைவராயிருந்த ஷேக் உமர் கான் என்பவரே அந்த ஜூலையில் அதே நோயால் இறந்தார். லைபீரியா தேசத்தில் வைத்தியர், நர்சு, மருத்துவச்சி ஆகிய எல்லாரிலும் நூற்றுக்கு 8 பேரும், சியரா லியோனில் நூற்றுக்கு 7 பேரும் அந்த நோயில் மாண்டார்கள். ஏற்கெனவே வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்த தேசங்கள் அவை. இதனால் பிரசவத்தில் கவனிக்க ஆளில்லாமல், பக்கத்துக் கினியா தேசத்தையும் சேர்த்து வருஷத்துக்கு இன்னும் 4,000 தாய்மார் வரை அதிகமாய்ச் சாகக் கூடுமென்று உலக பாங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் 2015-ல் கணக்கிட்டார்கள். எபோலா தீண்டாத கர்ப்பிணியும் எபோலாவின் பலனை அனுபவிக்க வேண்டியதாயிற்று.

நமது ஊர்க் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன ஊர் வைத்தியர் நாளைக்கு 40 பேரைப் பார்க்கிறார், வருஷத்தில் 300 நாள் பார்க்கிறார், இன்னும் 20 வருஷம் உழைக்கக் கூடியவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் இறந்ததால் 2,40,000 தடவை யாரோ ஒரு நோயாளி வாசலில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அவருக்குப் பதிலாக ஒருவரைத் தயார் செய்யவோ, பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஐந்தரை வருஷம் வேண்டும். நேரத்தில் கொடுக்காத ஒரு முகமூடியின் விலை இது.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

"சம்பளம் வாங்கவில்லையா? அது அவர் கடமைதானே?" என்பது ஒரு ஆட்சேபணை. கடமைதான். சண்டைக்குப் போவது சிப்பாயின் கடமை. துப்பாக்கி கொடுக்காமல் சிப்பாயை அனுப்பிவிட்டு, செத்தால் "அவன் கடமை" என்று சொன்ன சர்க்காரை எந்த ஜனங்களாவது விட்டு வைப்பார்களா? சம்பளம் வேலைக்குக் கொடுப்பது. உயிருக்குக் கொடுக்கும் கிரயமல்ல.

"வைத்தியர்கள் எல்லாம் உத்தமர்களா? கொள்ளை நோயிலும் கொள்ளையடித்த ஆஸ்பத்திரிகள் இல்லையா?" என்பது இன்னொன்று. இருந்தன. நாம் மறுக்கவில்லை. படுக்கைக்கும் மருந்துக்கும் லட்சக்கணக்காகப் பிடுங்கியவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். இதற்காகவும்தான் தெய்வப் பட்டம் கூடாதென்கின்றோம். தெய்வத்தைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு உதவி செய்யவும் முடியாது. மனிதனாக வைத்தால் இரண்டையும் செய்யலாம். தவறினால் "ஏன்?" என்று கேட்கலாம், தவித்தால் "இந்தா" என்று கொடுக்கலாம்.

"வைத்தியரை மட்டும் பேசுகிறீர்களே, நர்சும் தோட்டியும் சாகவில்லையா?" என்று யாராவது கேட்டால் அவருக்கு நமது வந்தனம். அதுதான் நியாயமான கேள்வி. வைத்தியருக்காவது கணக்கெடுக்க ஒரு சங்கம் இருந்தது. வார்டைக் கூட்டியவன், பிணத்தை உறையில் கட்டியவன், ஆம்புலன்ஸ் ஓட்டியவன், இரத்தத் துணி துவைத்தவள் ஆகியவர்களின் கணக்கு யாரிடம் இருக்கின்றது? வைத்தியருக்குப் போதாத முகமூடி அவர்களுக்குக் கிடைத்திருக்குமா? வைத்தியரைத் தீட்டு என்று தள்ளியது 2020-ல் சில மாதம். இவர்களைத் தள்ளியது தலைமுறை தலைமுறையாய். ஆதலால் நாம் கேட்கும் பாதுகாப்பு ஆஸ்பத்திரி வாசலில் விளக்குமாறு பிடிப்பவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே தவிர, மேலே ஆரம்பித்து வழியிலேயே நின்று போகக் கூடாது.

1897-ல் பூனாவில் பிளேக் வந்தபோது, சாவித்திரிபாய் பூலே அம்மையாரும் வைத்தியரான அவரது வளர்ப்பு மகனும் ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி வைத்து நடத்தினார்கள். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பிள்ளையை அம்மையார் தாமே முதுகில் சுமந்து வந்து சேர்த்தார். அந்த நோய் அவருக்கும் பற்றி மார்ச்சு 10-ந் தேதி உயிர் நீத்தார். அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டினால் அந்தச் சுமை நம் முதுகிலிருந்து இறங்கிவிடும். மனுஷி என்று வைத்தால்தான், "நம்மாலும் ஆகக்கூடிய காரியம் இது" என்கிற புத்தி வரும்.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்கார் செய்ய வேண்டியது: முதலாவது, ஒவ்வொரு ஜில்லாவிலும் இந்த நோயில் இறந்த வைத்தியர், நர்சு, ஆஷாப் பெண், துப்புரவுத் தொழிலாளி எல்லாருடைய கணக்கையும் எடுத்து வெளியிட வேண்டும். இரண்டாவது, நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை, சொந்தத் தொழில் என்கிற பேதமில்லாமல் குடும்பங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் இறந்த 43 வைத்தியர்களின் குடும்பத்துக்குத் தலைக்கு 25 லட்ச ரூபாய் என்று அறிவித்தது. அந்த வழி எல்லாருக்கும் விரிய வேண்டும். மூன்றாவது, அடுத்த நோய் வருமுன்பே முகமூடியும் உடுப்பும் தாலுகா ஆஸ்பத்திரி வரையில் இருப்பு வைக்க வேண்டும்; வார்டுகளுக்கு ஜன்னலும் காற்றும் வேண்டும்; வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும். நாலாவது, குறையை வெளியே சொன்ன வைத்தியரைத் தண்டிக்கிற வழக்கம் ஒழிய வேண்டும்.

தோழர்களே! இனி நாம் செய்ய வேண்டியது. இருமலோடு வைத்தியரிடம் போனால் முகத்தை மூடிக்கொண்டு போங்கள். அவர் அறையில் ஜன்னல் மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். ஊசி என்று வந்தால் முதலில் போய் நில்லுங்கள். உங்கள் தெருவில் ஒரு நர்சுக்கு வீடு இல்லையென்று ஒருவன் சொன்னால், அவன் வாசலில் போய் நாலு பேராய் நின்று நியாயம் கேளுங்கள். நோயில் இறந்தவரை அடக்கம் செய்யக் கும்பல் தடுத்தால், பிணம் மூச்சு விடாது என்கிற சின்ன உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். கேளாவிட்டால் வண்டிக்கு முன்னால் நீங்கள் நடந்து போங்கள்.

கொள்ளை நோய் இன்னொரு தடவை வராது என்று சொல்லக் கூடியவர் யாருமில்லை. வரும்போது மறுபடியும் தட்டையும் கரண்டியையும் தேடப் போகிறோமா, முகமூடியையும் மனிதத் தன்மையையும் தேடப் போகிறோமா என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டும். வைத்தியருக்கு நமது கும்பிடு வேண்டியதில்லை. அவர் மூச்சு விட நல்ல காற்று வேண்டும், படுத்துத் தூங்க ஒரு வீடு வேண்டும், செத்தால் ஆறடி நிலம் வேண்டும். மனிதனுக்கு மனிதன் கொடுக்க வேண்டிய இவற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு, நேரமிருந்தால், கை தட்டலாம்.